ஏழு வீட்டுக் கேழ்வரகு

முராம்பிந்தா,
14 மார்ச் 1993

அன்புத் தம்பி கிவ்மோருக்கு,

அக்கா வோங்காய் எழுதுவது. நீ அங்கே சௌக்கியம் என்றால் நான் இங்கே சௌக்கியம். முட்டிவலி மட்டும் விட்டுப் போக மறுக்கிறது. என் புருஷனைவிட உண்மையான துணை.

இந்த வருஷம் மழை ஏமாற்றவில்லை. போன வருஷப் பஞ்சத்தில் செத்த மாடுகளின் எலும்பு இன்னும் காட்டில் கிடக்கிறது, அதற்கு நடுவிலேயே கேழ்வரகு முழங்கால் உயரம் நிற்கிறது. அதைப் பார்த்ததும் பெரியப்பா மாகோரே கூட்டம் போட்டுவிட்டார். உன் அண்ணன் டைட்டஸ் இறந்து அடுத்த மாதத்தோடு ஒரு வருஷம். அவன் ஆவி இன்னும் வீடு சேரவில்லை. ஆகஸ்டில் கேழ்வரகுப் பீர் காய்ச்சி அழைத்துவிட வேண்டும் என்கிறார்.

காய்ச்சுவது நான். சடங்குப் பீரை மாதவிலக்கு நின்ற பெண்தான் காய்ச்ச வேண்டுமாம். இளமை போனதற்காக யாரும் எனக்கு இதுவரை வேலை கொடுத்ததில்லை, அதனால் சந்தோஷமாகவே ஒத்துக்கொண்டேன். முராம்பிந்தா சுற்றுவட்டாரத்தில் என் பீருக்கு ஒரு பெயர் இருக்கிறது என்பதையும் அடக்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன்.

பெரியப்பா நமக்கு ஒன்றும் தெரியாததுபோல எல்லாவற்றையும் விளக்கினார். அழைப்பு நாளில் டைட்டஸின் வில்லைத் தரையில் வைப்பார்கள், செகேசாய் அதைத் தாண்டுவாள், புருஷன் போன பிறகு இன்னொருவனைத் தொடவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. அதன் பிறகு அவள் யார் கையைப் பிடிக்கிறாள் என்பது அவள் இஷ்டம். உன் கையாக இருந்தாலும் தடையில்லை, உன் பெண்டாட்டி லொய்ஸ் அகப்பையைத் தூக்காமல் இருந்தால்.

அண்ணியும் பிள்ளைகளும் நலம். கிறிஸ்துமஸ் சமயம் மூன்று வாரம் தங்கி நீ வேய்ந்து கொடுத்த அவள் சமையற்குடிலின் கூரை இந்த மழைக்கும் ஒழுகவில்லை. உனக்கு அந்த வேலை தெரியும் என்பதே எனக்குப் புதுச் செய்தி.

லொய்ஸைக் கேட்டதாகச் சொல்.

அக்கா வோங்காய்

---

ஹ்வாங்கே,
25 ஏப்ரல் 1993

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

வணக்கம். நானும் லொய்ஸும் நலம். தங்கள் நலமும், முட்டியின் நலமும் அறிய ஆவல்.

சுரங்கத்தில் என்னை நேரக்கணக்கு மேசையில் உட்கார வைத்திருக்கிறார்கள். வெயில் தங்கள் அடுப்பைத் தோற்கடிக்கும். அழைப்பைப் பற்றி எழுதியிருந்தீர்கள். டைட்டஸ் அண்ணனுக்குச் செய்ய வேண்டியதுதான். ஆகஸ்டில் நிச்சயம் வருகிறேன். பெரியப்பாவிடம் நான் பேச வேண்டியது ஒன்றும் இருக்கிறது. நேரில் பேசிக்கொள்கிறேன்.

வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
கிவ்மோர்

---

முராம்பிந்தா,
18 ஜூலை 1993

தம்பிக்கு,

சௌக்கியமா? இங்கே ஜூலைக் குளிர், பனி அதிகம். பெரியப்பா இரண்டு கோட்டைப் போட்டுக்கொண்டு பஞ்சு மூட்டை மாதிரி நடமாடுகிறார்.

நம் குடும்பத்து ஏழு வீட்டிலிருந்தும் முளைகட்ட ஆளுக்கொரு பிடி கேழ்வரகு வாங்கினேன், பெயர்தான் பிடி, ஒரு கூடை வரும். அது பிடியா, பஞ்சத்தின் வரலாறா தெரியவில்லை. பெரியப்பா வீட்டுத் தானியம் அடுப்புக்கு மேலே தொங்கிப் புகை குடித்துக் கருத்திருந்தது. சின்னப் பாட்டன் வீட்டில் மூன்று வருஷத்துக்கு முந்தியது, சாம்பலோடு சேர்த்துக் கொட்டினார்கள். மற்றவர்களுடையது இந்த வருஷத்துப் புதிது. எதையும் தள்ள முடியாது, பொறுக்கவும் கூடாது. ஒரு வீட்டுப் பிடியைத் தள்ளினால் அந்த வீட்டையே குடும்பத்திலிருந்து தள்ளின மாதிரி. எல்லாம் ஒரே சாக்கில் ஓடையில் ஊறியது.

மூன்றாம் நாள் சாக்கைத் திறந்து பார்த்தால் புதுத் தானியம் எலிவால் நீளத்துக்கு முளைவிட்டிருக்கிறது, பழையது கூழாங்கல் மாதிரி கிடக்கிறது, புகைபட்டதில் பூசணம். முளைத்ததற்காக எடுத்தால் மற்றது முளைக்காது. மற்றதற்காகக் காத்திருந்தால் முளைத்தது அழுகும். நடுவில் ஒரு நாளைப் பார்த்து எடுத்துப் பாறையில் காயப்போட்டேன்.

உன் அண்ணி தன் பிடியைத் தன் கையால் கொண்டுவரவில்லை. ருவிம்போவிடம் கொடுத்தனுப்பினாள். பத்து வயதுப் பெண் சுமக்க, அம்மா வேலிக்கு அப்பால் நின்றாள். சாக்கைத் தொடச் சொன்னால் கை வலி என்கிறாள். டைட்டஸ் இவளைச் செல்லம் கொடுத்துக் கெடுத்திருக்கிறான்.

ஆகஸ்ட் பதினான்கு அழைப்பு. பன்னிரண்டாம் தேதியே வந்துவிடு.

அக்கா

---

முராம்பிந்தா,
22 ஆகஸ்ட் 1993

தம்பிக்கு,

நீ வரவில்லை. தந்தியும் இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே?

பீரும் வரவில்லை. ஆறாம் நாள் பானையில் காதை வைத்துக் கேட்டேன். நல்ல பீர் அன்றைக்குக் கூரையில் தூறல் விழுவதுபோல முணுமுணுக்கும். இது மாமியார் வீட்டுக்கு வந்த மருமகன் மாதிரி வாயே திறக்கவில்லை. வடிகட்டினால் மேலே புளித்த தண்ணீர், கீழே பசை. முளையில் பாதி செத்தது, மீதி அழுகினது, வேறு என்ன வரும்?

ஆனால் பெரியப்பா ஒரு வாய் குடித்துத் துப்பிவிட்டு, "டைட்டஸ் வேண்டாங்குறான்" என்றார்.

"பெரியப்பா, அவன் உயிரோட இருந்தப்ப எந்தப் பீரையும் வேண்டான்னு சொன்னதில்லையே" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. எனக்கே அது புதுசு. எல்லோர் கண்ணும் செகேசாய் பக்கம் திரும்பியது. ஆவி பீரை மறுத்தால் விதவை மேல்தான் குற்றம் என்பது இவர்கள் கணக்கு. புகையில் கருகின தன் வீட்டுத் தானியத்தைப் பற்றிப் பெரியப்பா பேசவே இல்லை.

அடுத்த மாதக் கடைசியில் மறுபடி காய்ச்சச் சொல்லியிருக்கிறார். இந்தத் தடவை ஒரே வயலின் தானியம் வேண்டும் என்று சண்டை போட்டு வாங்கியிருக்கிறேன். எழுது.

அக்கா

---

ஹ்வாங்கே,
2 செப்டம்பர் 1993

அக்காவுக்கு,

வணக்கம். இங்கு அனைவரும் நலம். லொய்ஸுக்குப் பல்வலி. வேலை மிகுதியால் வர இயலவில்லை, மன்னிக்கவும்.

தானியம் சரியில்லாத வருஷத்தில் எதற்கு அவசரம்? அடுத்த வருஷம் வைத்தால் என்ன? பெரியப்பாவிடம் சொல்லிப் பார்க்கவும்.

ஊரில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று எழுதவும். யாராவது யாருடைய பெயரையாவது சொல்கிறார்களா?

இப்படிக்கு,
கிவ்மோர்

---

முராம்பிந்தா,
19 செப்டம்பர் 1993

கிவ்மோர்,

நான் நலம். முட்டியைப் பற்றி எழுத இன்று மனசில்லை.

ஊர்க்கதையில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று திரிந்தேன். யார் வீட்டுக் கோழி யார் வீட்டில் முட்டையிட்டது வரை எனக்குத் தெரியும். என் வாசலுக்கு எதிரே இருக்கிற குடிலில் நடந்தது எனக்குத் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை ஓடையில் துணி துவைத்துக்கொண்டிருந்தோம், நானும் செகேசாயும் மட்டும். "இந்தத் தடவையும் சாக்கைத் தொடமாட்டியாக்கும், மகாராணிக்குக் கை வலியாக்கும்" என்று சீண்டினேன். அவள் துணியைப் பிழிந்து பாறைமேல் வைத்தாள்.

"நான் தொட்டா கெட்டுரும் மதினி" என்றாள். "கிறிஸ்துமஸுக்கு உங்க தம்பி கூரை மட்டும் வேயல."

அடுத்த துணியை எடுத்துக்கொண்டே, "ஆகஸ்டில வந்து பெரியப்பாகிட்ட அவரே சொல்றேன்னாரு. நீங்க யார்கிட்டயும் சொல்லாதீங்க. அவரு வாயால வரணும்" என்றாள்.

நான் அவளைத் திட்டினேன். பிறகு உன்னைத் திட்டினேன், அது ரொம்ப நேரம் பிடித்தது. ஏழெட்டு மாதம் பொறுத்திருந்தால் குடும்பமே கூடி உட்கார்ந்து அவள் கையை உன் கையில் கொடுத்திருக்கும், முட்டாளே.

பிறகு அவளிடம் சொன்னேன், சத்தம் போடாமல் வில்லைத் தாண்டிவிடு, டைட்டஸ் குள்ளன், வில்லும் சின்னது, ஒரு எட்டில் முடிந்துவிடும் என்று. அவள் சிரிக்கவில்லை. "செத்துப்போன மனுஷனுக்குத் தெரியும் மதினி. நான் பொய்யா தாண்டுனா பிள்ளைங்க மேல வந்து விடியும்" என்றாள்.

தாண்டவில்லை என்றால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். அவளை அப்பன் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ருவிம்போவும் அனேசுவும் நம் வீட்டுப் பிள்ளைகள், அவளோடு போகமுடியாது.

இதற்கு வழி இருக்கிறது. சடங்குக்கு முன் நீ வா. பெரியப்பா முன்னால் உட்கார்ந்து சொல். கத்துவார், தடியை ஓங்குவார், அபராதமாக ஒரு மாட்டைக் கேட்பார். மாட்டைக் கொடு. முடிந்தது. அவள் பிள்ளைகளோடு இங்கேயே இருப்பாள். இதைவிடப் பெரிய கூத்தெல்லாம் ஒரு மாட்டோடு முடிந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

செப்டம்பர் முப்பதுக்குள் வா.

வோங்காய்

---

முராம்பிந்தா,
5 அக்டோபர் 1993

தம்பிக்கு,

நீயும் வரவில்லை, பதிலும் வரவில்லை. அதனால் நானே ஒரு காரியம் செய்தேன்.

ஒரே வயலின் தானியம். முளை ஒரே அளவு. பாறையில் காய்ந்து கிடந்ததைப் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம், அத்தனை அழகு. இதில் காய்ச்சினால் செத்தவன் தானாகவே நடந்து வந்துவிடுவான். அதனால் கஞ்சி ஆறும்வரை காத்திருக்கவில்லை. ஆவி பறக்கும்போதே வேண்டுமென்றே முளைமாவைக் கொட்டிக் கிளறினேன். முதல் தடவை காய்ச்சுகிற புதுப்பெண் செய்கிற தவறு. சூட்டில் முளை செத்துவிட்டது. ஏழாம் நாள் பானையில் கஞ்சிதான் இருந்தது, களி கிண்டுகிற அளவுக்குக் கெட்டியாக.

இப்போது குழந்தைகள்கூட என்னைப் பார்த்தால் "அத்தை, பீருக்குத் தொட்டுக்க என்ன?" என்று கேட்கின்றன. முப்பது வருஷப் பெயர் ஒரு வாரத்தில் போனது. நானும் சேர்ந்து சிரித்துக்கொண்டேன்.

பெரியப்பா விடவில்லை. அக்டோபர் முப்பது, சனிக்கிழமை, கடைசி நாள் என்கிறார். அதற்கப்புறம் நவம்பர், முன்னோர் ஓய்வெடுக்கும் மாதம், முரசைத் தொடக்கூடாது. நவம்பர் வந்துவிட்டால் மழை, விதைப்பு, அடுத்த வருஷம்தான். எப்படியாவது நவம்பரைத் தொட்டுவிட்டால் போதும் என்று நாளை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

இந்தத் தடவை முளைமாவை வெளியே வாங்கப்போகிறார்களாம், சந்தையில் எஸ்னாத்திடம். நான் முதல் ஆளாகத் தலையாட்டினேன். எஸ்னாத் சாக்கு உனக்குத் தெரியுமே. ஒன்று மாவு, ஒன்று தவிடு, ஒன்றில் செங்கல் தூள். அவள் சரக்கை நம்பிக் கல்யாணம் வைத்தவர்கள் தண்ணீர் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அவளை இருபது வருஷமாகக் கேலி செய்தேன். இப்போது அவளைத்தான் நம்பியிருக்கிறேன்.

ஆனாலும் நீ வா.

அக்கா

---

ஹ்வாங்கே,
13 அக்டோபர் 1993

அக்காவுக்கு,

வணக்கம். தங்கள் கடிதங்கள் கிடைத்தன. லொய்ஸுக்குப் பல்லைப் பிடுங்கியாயிற்று. இப்போது நலம்.

இங்கே வெயில் கடுமை. மேசைக்கு மேலிருந்த மின்விசிறி பழுதாகிவிட்டது. விடுப்புக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன், கிடைப்பது சந்தேகம். பீர் இரண்டு முறை கெட்டது வருத்தமளிக்கிறது. தானியத்தை நன்கு பார்த்து வாங்கவும்.

தங்கள் கடிதங்களை லொய்ஸும் படிக்கிறாள். பார்த்து எழுதவும்.

இப்படிக்கு,
கிவ்மோர்

---

முராம்பிந்தா,
25 அக்டோபர் 1993

கிவ்மோர்,

தபாலை நம்பாமல் இதைப் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன். உன் மேசைக்கே வந்து கொடுக்கச் சொல்லியிருக்கிறேன், அதனால் பார்த்து எழுதவில்லை.

எஸ்னாத் என்னைக் கைவிட்டாள். இருபது வருஷத்தில் ஒரே ஒரு சாக்கு நல்ல சரக்கு போட்டிருக்கிறாள், அது நம் வீட்டுக்கு வந்துவிட்டது. நேற்றுக் கஞ்சியில் மாவைக் கலந்தோம். கால்மணி நேரத்தில் கெட்டிக் கஞ்சி தண்ணீராக இளகியது. விரலால் தொட்டு நக்கினால் தேன். பெரியம்மா என் பக்கத்திலேயே முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள், கஞ்சியின் சூட்டைத் தன் கையாலேயே பார்க்கிறாள். நான் தும்மினால்கூட முறைக்கிறாள். செய்வதற்கு எனக்கு ஒன்றும் மிச்சமில்லை.

பக்கத்துப் பானையிலிருந்து இப்போதே வாசனை வருகிறது. சனிக்கிழமை இது பீராகிவிடும்.

செகேசாய் பிள்ளைகளின் துணியையெல்லாம் எடுத்துத் தைத்துக்கொண்டிருக்கிறாள். கிழியாததையும் தைக்கிறாள். ரோட்டில் பஸ் நின்றால் ஊசி நிற்கிறது. யாரும் இறங்கவில்லை என்றால் மறுபடி ஓடுகிறது.

இது உனக்குப் புதன்கிழமை கிடைக்கும். வியாழன் கிளம்பினால் வெள்ளி இங்கே. விடுப்பு எதற்கு? வேலையே போனாலும் வா. உன் அண்ணன் பெண்டாட்டி, உன் அண்ணன் பிள்ளைகள்.

அக்கா

---

தந்தி
29 அக்டோபர் 1993

விடுப்பு கிடைக்கவில்லை. எல்லாம் நல்லபடி நடக்கட்டும். கிவ்மோர்.

---

முராம்பிந்தா,
7 நவம்பர் 1993

தம்பிக்கு,

நல்லபடி நடந்தது. நீ கேட்டபடியே.

என் ஐம்பத்து நான்கு வருஷத்தில் இப்படியொரு பீர் காய்ச்சியதில்லை. ஆறாம் நாள் பானை மூன்று வீட்டுக்குக் கேட்கிற மாதிரி இரைந்தது. கல்லறையில் ஊற்றினோம், மண் உடனே குடித்தது. பெரியப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பையன் வர்றான்" என்றார். பாடிக்கொண்டு டைட்டஸை வீட்டுக்கு அழைத்து வந்தோம். எஸ்னாத் எல்லோர் முன்னாலும் என்னைக் கட்டிப்பிடித்து, "என் மாவு, உன் கை" என்றாள். வந்தவர்கள் எல்லாம் என்னைப் புகழ்ந்தார்கள். இத்தனை புகழை நான் வேறு எந்த நாளிலும் தாராளமாக ரசித்திருப்பேன்.

பிறகு முற்றத்தில் வில்லை வைத்தார்கள்.

செகேசாய் நடந்து வந்தாள். வில்லுக்கு முன்னால் நின்றாள். அனேசு ஒரு கோழிக்காலைக் கடித்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான், ஆறு வயசு, அம்மா ஏதோ விளையாட்டு காட்டப்போகிறாள் என்று பார்த்தான். அவள் குனிந்து வில்லை எடுத்தாள். இரண்டு கையாலும் பெரியப்பாவிடம் நீட்டினாள்.

"என்னால தாண்ட முடியாது" என்றாள்.

முரசு நின்றது. பெரியப்பா கத்துவார் என்று நினைத்தேன். அவர் மெதுவாகத்தான் கேட்டார். "யாரும்மா?"

"அதைச் சொல்ல வேண்டியது நானில்ல."

"அவன் வந்து ஒரு மாட்டைக் கட்டினா முடிஞ்சு போற விஷயம். பேரைச் சொல்லு தாயி."

"அவரு வரணும்னுதான் மூணு பீர் வரைக்கும் பாத்தேன்" என்றாள். அவ்வளவுதான்.

அப்போது நான் பானைக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். ஊரிலுள்ள அத்தனை பேர் கதையையும் பேசுகிற வாய் என்னுடையது. அன்று அதில் உன் பெயர் இருந்தது, பல்லுக்கு இந்தப் பக்கம். டைட்டஸ் போய்விட்டான், எனக்கென்று மிஞ்சியிருக்கிற கூடப்பிறந்தவன் நீ ஒருவன்தான். நான் யாரோ நீட்டிய சுரைக்குடுவையை வாங்கிப் பீரை ஊற்றிக் கொடுத்தேன். அவள் என்னைப் பார்த்தாள். சொல்லாதே என்று அவளே கேட்டதுதான், ஆனால் அந்தப் பார்வை அதைச் சொல்லவில்லை.

பொழுது சாய்வதற்குள் அவள் அண்ணன் வந்து கூட்டிக்கொண்டு போனான். ருவிம்போ அம்மாவின் மூட்டையைத் தலையில் வைத்து ரோடுவரை சுமந்து போனாள், திரும்பி வந்தாள், பாத்திரம் கழுவினாள். இரண்டு பேரும் இப்போது என் குடிலில் படுக்கிறார்கள்.

நீ சௌக்கியமா?

வோங்காய்

---

முராம்பிந்தா,
19 டிசம்பர் 1993

கிவ்மோர்,

எனக்கு நீ எழுதவில்லை. பெரியப்பாவுக்கு எழுதியிருக்கிறாய். அவருக்குக் கண் சரியில்லை, குடும்பம் முழுவதையும் உட்காரவைத்து என்னைத்தான் படிக்கச் சொன்னார். படித்தேன். குரல் நன்றாகவே வந்தது.

அழைப்புக்கு மறுநாள் டைட்டஸின் பொருள்களைப் பங்கு வைத்தபோது, அவன் கைத்தடியையும் பிள்ளைகளையும் உனக்கென்று ஒதுக்கினார்கள். வராதவனுக்கு ஏன் என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. வேலையை விட்டு வரமுடியாத பொறுப்பான பிள்ளை என்றார் பெரியப்பா. நீயும், அண்ணன் பிள்ளைகள் என் பிள்ளைகள், லொய்ஸுக்கும் சந்தோஷம், பள்ளிக்கூடம் திறக்குமுன் அனுப்பவும் என்று அழகான கையெழுத்தில் எழுதியிருக்கிறாய். கேட்டுப் பெரியம்மா அழுதாள். நல்ல தம்பி என்று என் முதுகைத் தட்டினார்கள்.

செகேசாயைப் போய்ப் பார்த்தேன். அவள் அப்பன் வீட்டுப் பின்பக்கம் கோழிக்கூண்டாக இருந்த குடிலில் இருக்கிறாள். பிள்ளைகள் எங்கே போகிறார்கள் என்று கேட்டாள். சொன்னேன். நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். உரித்த பருப்பை முறத்தில் தள்ளினாள். "அங்க வெயில் அதிகம்னு சொல்வாரு. அனேசுக்கு மூக்குல ரத்தம் வரும், தலைக்குத் துணி கட்டி அனுப்புங்க" என்றாள். நான் ஒரு வேடிக்கை சொல்லலாமென்று தேடிப்பார்த்தேன், கிடைக்கவில்லை.

ஜனவரி எட்டாம் தேதி பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன். ஒன்பதாம் தேதி காலையில் நிலையத்தில் வந்து நில். தேட வேண்டியிருக்காது. இந்த இரண்டு மாதத்தில் ருவிம்போவுக்கு முகம் மாறிவிட்டது, நெற்றி, கண், நிற்கிற நிலை, எல்லாம் அவள் அம்மாதான். பார்த்தவுடன் தெரிந்துகொள்வாய்.

உன்னை என்னவென்று கூப்பிட வேண்டும் என்று கேட்டாள். அப்பா என்று கூப்பிடச் சொன்னேன். இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

வோங்காய்